ரிலீவர் வரும் வரை

திருச்சியில் வைத்த இடத்தைவிட்டு நகராதவை இரண்டு. ஒன்று மலைக்கோட்டை. இன்னொன்று ரிலீவர். பெரிய அதிகாரி யாராவது வந்து எழுத்துமூலம் உத்தரவு கொடுத்தால் மலைக்கோட்டைகூட ஒருவேளை இரண்டடி தள்ளி நிற்கும். ரிலீவர் தள்ளி நிற்க மாட்டார். அவருக்குப் பதிலாக இன்னொரு ஆள் வந்து, அதே இடத்தில் நின்று, "நான் வந்துட்டேன், நீங்க போலாம்" என்று வாயால் சொன்ன பிறகுதான் காலை எடுப்பார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் அதை நான் வாசிப்பேன், அவரும் கட்டடம் அதிர "யெஸ் சார்" சொல்வார். அதற்குமேல் அந்தப் பெயரால் யாருக்கும் உபயோகம் இருந்ததில்லை.

அரியமங்கலத்தில், ஒரு பட்டறையின் மாடியில், ராணுவத்திலிருந்து ஊர் திரும்பியவர்களுக்கான அரசுத் தொழிற்பயிற்சி மையம் இருந்தது. நான்கு மாதப் பயிற்சி. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கக் கற்றுக்கொடுப்பார்கள். முடிவில் ஒரு சான்றிதழும் ஒரு பை நிறையக் கருவிகளும் தருவார்கள். அங்கே வாரத்தில் மூன்று நாள் 'வாழ்வியல் திறன்' என்ற வகுப்பு என்னுடையது. அந்தத் திறன் எனக்கு இருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஐம்பதைத் தொடுகிற வயதில், தென்னூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள மாடியேறி, பனிமலையில் நின்றுவிட்டு வந்தவர்களைப் பார்த்து "சிரித்த முகமாக இருக்கணும்" என்று சொல்வேன். அவர்கள் களைப்பாக என்னைப் பார்ப்பார்கள். நானும் களைப்பாகப் பார்ப்பேன். கீழே பட்டறையில் இரும்பு அறுப்பார்கள். 'தன்னம்பிக்கை' என்று நான் வாயெடுக்கும்போது பார்த்து அறுப்பார்கள்.

ரிலீவருக்கு அந்தப் பெயர் வந்தது முதல் நாளிலேயே. எங்கள் மையத்தின் மேனேஜர் மேடம் ஏதோ கூட்டத்துக்கு ஜீப்பில் கிளம்பினார். கீழே இரும்புக் கேட் காற்றில் ஆடி ஆடி ஜீப்பை இடித்தது. அப்போதுதான் புதிதாகச் சேர வந்து நின்ற ஒருவரிடம், "சார், இந்தக் கேட்டக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு மேடம் போனார். காலை பத்தரை மணி. சித்திரை வெயில். இரண்டு மணிக்கு மேடம் திரும்பி வந்தபோது கேட் திறந்திருந்தது. அதைப் பிடித்தபடி அந்த மனிதர் நின்றிருந்தார். மீசை நுனியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயய்யோ, இன்னுமா பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"ஆமாங்க மேடம்."

"ஏங்க விடல?"

"மாத்தி நிக்க ரிலீவர் வரலிங்களே மேடம்."

மாடியில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. தானே போய்க் கேட்டைப் பிடித்து, "நான் பிடிச்சுக்கறேன், நீங்க போய்ச் சாப்பிடுங்க" என்றார். அவர் குதிகாலைத் தட்டி, "கேட் ஒண்ணு, தாழ்ப்பாள் ஒண்ணு, சரியா இருக்கு மேடம்" என்று ஒப்படைத்துவிட்டுப் படியேறினார். அன்றைக்கு வைத்த பெயர்தான். அவரும் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

என் வகுப்பில் அவரால் நான் பட்டது தனி. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவது எப்படி என்று ஒரு சின்ன நாடகம் போடச் சொன்னேன். நான் வீட்டுக்காரர். கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். ரிலீவர் மெக்கானிக். வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டும்.

தட்டினார். தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

"யாருங்க?" என்றேன்.

"தோஸ்த்!" என்று ஒரு குரல் வெடித்தது. கீழே பட்டறையில் அறுப்பு நின்றுபோனது.

கதவைத் திறந்தேன். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, கருவிப் பை பற்களுக்கிடையில் தொங்க, மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்து உள்ளே வந்தார்.

"என்னங்க இது? எந்த ஊர்ல மெக்கானிக் கையத் தூக்கிட்டு வீட்டுக்குள்ள வருவான்?"

பையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். "சார், காவல்காரன் 'யாரு'ன்னு கேட்டா 'தோஸ்த்', நம்ம ஆளுதான்னு சொல்லணும். வெளியாளு உள்ள வந்தா கையத் தூக்கிக்கிட்டுத்தான் வரணும். இல்லன்னா சுட்டுருவாங்க சார்."

"அரியமங்கலத்துல யாருங்க சுடப்போறாங்க?"

"சுட மாட்டாங்கன்னு எழுத்துல இருக்கா சார்?"

அந்தக் கேள்விக்கு வாழ்வியல் திறனில் பதில் இல்லை. "சரி, சிரிச்ச முகமா வந்தீங்களா?" என்றேன். "பை வாயில இருந்துச்சு சார்" என்றார்.

பட்டறை வகுப்பு எடுத்தவர் ஆரோக்கியசாமி மாஸ்டர். பெரிய தொழிற்சாலையில் மோட்டாருக்குக் காயில் சுற்றியே ஆயுள் கழித்தவர். காது கொஞ்சம் மந்தம். வாய் அந்தக் குறையைச் சரிக்கட்டும். முதல் வாரம் எல்லோருக்கும் ஆளுக்கொரு பழைய மிக்ஸி கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். மற்றவர்கள் ஸ்குரூவைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ரிலீவர் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, மிக்ஸியின் பாகங்களை உயரவாரியாக ஒரே வரிசையில் அடுக்கிவிட்டார். கப்ளர், பிளேடு, புஷ், கார்பன், ஆர்மேச்சர். ஒவ்வொன்றையும் துடைத்தார். எண்ணெய் தடவினார். பிறகு கைக்குட்டையால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு, தடவித் தடவி எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, "ரெடி மாஸ்டர்!" என்று நிமிர்ந்தார். முப்பது பேரும் கை தட்டினார்கள்.

மாஸ்டர் சுவிட்சைப் போட்டார். மிக்ஸி ஒரு தடவை இருமியது. அப்புறம் சாம்பிராணி போட்டதுபோல் புகைந்தது. காயில் கருகும் வாசனை மாடி முழுக்க நிறைந்தது.

"யோவ் ரிலீவரு! இது என்ன துப்பாக்கியாய்யா? கார்பன்ல எவனாவது எண்ணெய் போடுவானா?"

"ஆயுதத்தக் காயப் போடக் கூடாது மாஸ்டர்."

"ஆயுதமா! இதுல சட்னி அரைப்பாங்கய்யா!"

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாவது மாதத்தில் மாஸ்டரே வாயை மூடிக்கொண்டார். ஓடுகிற மிக்ஸிக்கு ஆறடி தள்ளி முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "கார்பன் தேஞ்சிருக்கு", "புஷ்ஷு ஆடுது", "இதுக்கு ஒண்ணுமில்ல, ஜாரச் சரியா உக்கார வைக்கல" என்று ரிலீவர் சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். பதினேழு வருடம் எல்லைக் காவலில் சருகு அசையும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத் தீட்டிய காது. அது இப்போது மிக்ஸிக்கு வந்துவிட்டது.

பதினேழு வருடத்தைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பட்டறை அடங்கிய நேரம். குப்பைக் கிடங்குப் பக்கத்திலிருந்து புகைக் காற்று வந்துகொண்டிருந்தது. ஏன் இத்தனை பயிற்சிகளில் மிக்ஸியைப் பிடித்தீர்கள் என்று சும்மா கேட்டேன்.

"சார், காவல்ல நிக்கிறோம்னு வைங்க. எது நல்ல டியூட்டி? ஒண்ணும் நடக்காம இருந்தா அதான் நல்ல டியூட்டி. பதினேழு வருஷம் நின்னேன். ஒண்ணுமே நடக்கல. ஒண்ணும் நடக்காம இருக்கத்தான் நின்னேன். மெடல்கூடக் குடுத்தாங்க." சாப்பாட்டு டப்பாவை மூடினார். "மிக்ஸி அப்படி இல்ல சார். சுவிட்சப் போட்டா சுத்துது. தேங்கா சட்னியாகுது. ஒண்ணு நடக்குது. முடியுது. நிறுத்திடறோம். எனக்கு நின்னு நின்னு அலுத்துப் போச்சு சார். இனிமே ஒண்ணு நடக்கணும்."

அப்புறம் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "என்ன ஆனாலும் அந்த ஸ்டூலு மட்டும் வேணாம் சார்."

எந்த ஸ்டூல் என்று நான் கேட்கவில்லை. அந்த மாடியில் இருந்த முப்பது பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊர் திரும்புகிற ராணுவ வீரருக்கு ஊர் தயாராக வைத்திருக்கும் ஆசனம் அது. ஏ.டி.எம். வாசலில், நகைக்கடை வாசலில், அடுக்குமாடிக் கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடுகிற பிளாஸ்டிக் ஸ்டூல். எந்தப் பயிற்சி கொடுத்தாலும், எத்தனை சான்றிதழ் கொடுத்தாலும், கடைசியில் முக்கால்வாசிப் பேர் அதில்தான் போய் உட்காருவார்கள். நான் சொல்லிக்கொடுத்த சிரித்த முகத்தைக் கார்கள் உள்ளே வரும்போது உபயோகிப்பார்கள்.

பயிற்சி முடிகிற வாரத்தில் ஒரு காவலாளி நிறுவனத்தார் வேலைவாய்ப்பு முகாம் என்று வந்தார்கள். நீலச் சட்டைகளையும் தொப்பிகளையும் மேசைமேல் அடுக்கிவைத்தார்கள். எல்லோரும் வரிசையில் நின்று மார்பளவு கொடுத்தார்கள். ரிலீவர் மட்டும் மாடியின் மறு மூலையில் ஒரு கிரைண்டரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவர் மனைவி செல்வி எடமலைப்பட்டி புதூரிலிருந்து என்னைத் தேடி வந்தார்.

"சார், நீங்களாவது சொல்லுங்க. அவரு வந்து ஒரு வருஷமாச்சு. எங்க வீட்டு மிக்ஸிய மட்டும் ஏழு தடவ பிரிச்சு மாட்டிட்டாரு. நல்லா ஓடுற மிக்ஸி சார் அது!"

"திரும்ப ஓடுதாம்மா?"

"அதெல்லாம் ஓடுது. ஆனா பாத்திரக் கடைக்குப் பக்கத்துல ரெண்டு மெக்கானிக் இருக்காங்க. ஜனங்க அங்க குடுக்குது. இவர எங்க சார் தேடி வரும்? காவல் வேலைன்னா மாசம் பொறந்தா சம்பளம் நிச்சயம். இவரு நின்னாருன்னா ஈ நுழையுமா? ஊருக்கே தெரியுது, இவருக்குத் தெரியல."

"அவருக்கு அது பிடிக்கலையேம்மா."

"எனக்கு மட்டும் பிடிச்சா சார் சொல்றேன்?" என்றார் செல்வி. அவருடைய கண்ணுக்குக் கீழேயும் நிறைய நாள் தூங்காத கறுப்பு. "கண்ணக் கட்டிக்கிட்டு மாட்டுறாரு சார். பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அத யாரு பாக்குறா?"

அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. யாராவது பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன்.

என் மனைவியோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில், அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய அடுக்குமாடியில், தரைத்தளத்தில் குடியிருந்தார். எங்களுக்கு அவர் மாமி. மாமியின் மிக்ஸி நின்றுபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது. புரட்டாசி சனிக்கிழமை. சாயங்காலம் பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை வருகிறார். ரிலீவரைக் காலையில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்தினேன். சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கையைத் தூக்கவில்லை, "தோஸ்த்" சொல்லவில்லை. அவ்வளவும் என் வகுப்பின் சாதனை. "மிலிட்டரி மனுஷாளா, க்ஷேமமா இருங்கோ" என்றார் மாமி. நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு என் மனைவி உலுக்கி எழுப்பினாள். மாமியின் பெண் பெங்களூரிலிருந்து போன் பண்ணினாளாம். மாப்பிள்ளை முன்கூட்டியே வந்துவிட்டாராம். அவரை யாரோ வீட்டுக்குள் விடமாட்டேன் என்கிறாராம்.

"யாரு?"

"உங்க ஆளுதான்!"

பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றது. அன்றைக்கு ஸ்ரீரங்கமே ஒரு வரிசையாக இருந்தது. நான் வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தபோது மாமி வீட்டு கிரில் கதவுக்கு உள்ளே ரிலீவர் நின்றிருந்தார். வெளியே, வேப்பமர நிழலில், பெட்டிமேல் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒரு தண்ணீர்ச் சொம்பு. கிரில் வழியாக ரிலீவர் கொடுத்தது.

நடந்தது இதுதான். மாமி பதினோரு மணிக்கு, "சித்த ஆத்தப் பாத்துக்கோங்கோ, பத்தே நிமிஷம், சேவிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் போனார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பத்து நிமிஷம் என்பது மாமியின் கணக்கு. பெருமாளின் வரிசைக்குக் கணக்கு டீச்சர் என்பதெல்லாம் தெரியாது.

"சார், நான் இந்த வீட்டு மாப்பிள்ளை, சொல்லுங்க சார் இவர்கிட்ட!" என்றார் மாப்பிள்ளை.

"இவரு மாப்பிள்ளைதாங்க" என்றேன் ரிலீவரிடம்.

"தெரியும் சார். கல்யாண போட்டோ காட்டினாரு. மாமிகூட நிக்கிறது இவருதான். அதுல சந்தேகம் இல்ல."

"அப்ப விட வேண்டியதுதானே?"

"உள்ள விடச் சொல்லி மாமி சொல்லலியே சார். 'பாத்துக்கோங்கோ'ன்னுதான் சொன்னாங்க. பாத்துக்கிட்டிருக்கேன்."

"மாமி போனுக்கு இருபது தடவ அடிச்சேன்! அது உள்ளே அடிக்கறது இங்கே கேக்கறது! எடுக்கக்கூட மாட்டேங்கறார்!" என்றார் மாப்பிள்ளை.

"போன் எடுக்க ஆர்டர் இல்லீங்க."

"சரி, நான் வந்துட்டேன்ல, நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்று என் பங்குக்கு முயன்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்க என்னை இங்க கொண்டாந்து விட்டீங்க. வீட்டு சார்ஜ் குடுத்தது மாமி. நீங்க எப்படி சார் ரிலீவ் பண்ண முடியும்?" என்றார். அவர் கண்ணில் நான் ஒரு நல்ல மனிதன், ஆனால் முறை தெரியாதவன்.

நானும் வேப்பமரத்தடிக்குப் போய் மாப்பிள்ளையின் இன்னொரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். மேல்மாடிகளிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். "நன்னா நிக்கறாரே" என்று ஒரு குரல் மேலிருந்து வந்தது.

மூன்றரை மணிக்கு மாமி வந்தார். கையில் துளசி. நெற்றியில் வேர்வை. ரிலீவர் குதிகாலைத் தட்டி நிமிர்ந்தார்.

"மாமி! மிக்ஸி ஒண்ணு, கார்பன் மாத்தி ரெடி. ஹால் ஃபேன் ஒண்ணு, சத்தம் நிறுத்தியாச்சு. போன் ஒண்ணு, இருபத்தி மூணு தடவ அடிச்சுது. மாப்பிள்ளை ஒண்ணு, வெளிய பத்திரமா இருக்காரு."

மாமி முதலில் ரிலீவரைப் பார்த்தார். அப்புறம் மரத்தடியில் சொம்போடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். ரிலீவரின் தொழில் இந்த முதல் மிக்ஸியோடேயே முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மாமி சிரிக்க ஆரம்பித்தார். துளசியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிரித்தார். மாப்பிள்ளையும் நல்லவர். எழுந்து வந்து, "எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தர் இருந்தா தேவலை" என்றார்.

அந்த அடுக்குமாடிச் சங்கத்துக்கு மாமிதான் செயலாளர். வாட்ச்மேன் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மேலேயிருந்து இறங்கி வந்தவர்களிடம் மாமி சொன்னார். "நாம ஊரெல்லாம் தேடிண்டிருக்கோமே, இதோ நிக்கறார் பாருங்கோ! நாளைக்கே வந்துடுங்கோ. ஸ்டூல் புதுசா வாங்கிப் போட்டுடறேன்."

ரிலீவரின் முகத்தை நான் பார்த்தேன். அவர் மாமியைப் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"மிக்ஸியப் போட்டுப் பாருங்க மாமி."

"அது கெடக்கட்டும். எப்போ வரேள், அதச் சொல்லுங்கோ."

"ஒரு தடவ போட்டுப் பாத்துட்டா..."

"நீங்க பண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாமி மாப்பிள்ளைக்குக் காபி கலக்கப் போனார். மரியாதையாகத்தான் சொன்னார். அதைவிட நல்ல வார்த்தை ஒரு மெக்கானிக்குக் கிடைக்காது. ஆனால் அந்த மிக்ஸி சுற்றுவதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அவரும் நானும் பஸ் ஏறினோம். பாலத்தில் இறங்குகிற வெயில். ஆற்றில் பாதி தண்ணீர், பாதி மணல். "நல்லா ஓடிச்சு சார். நான் போட்டுப் பாத்தேன்" என்றார், சத்திரம் பஸ் நிலையம் வந்த பிறகு.

மூன்று மாதம் தாக்குப்பிடித்தார். சைக்கிள் ஹேண்டில்பாரில் கருவிப் பையை மாட்டிக்கொண்டு புதூர்த் தெருக்களில் சுற்றினார். ஒரு வீட்டில் மிக்ஸியைச் சரிபண்ணிவிட்டு, பாகம் பாகமாக எண்ணிக் காட்டிக் கையெழுத்துக் கேட்டதில் அந்தம்மாள் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுவிட்டார். பஸ் நிலையத்தில் யாரோ ஒரு பெண், "அண்ணே, இந்தப் பையப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனதில் இரண்டு வீட்டு வேலை தவறிப்போனது. தை பிறந்து நான்காம் நாள் ஸ்ரீரங்கம் போய், மாமி வேறு ஆள் போடாமல் வைத்திருந்த இடத்தில் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார் என்று செல்வி போனில் சொன்னார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. மாசம் பொறந்தால் நிச்சயம் என்று மட்டும் சொன்னார்.

நான் அந்த வீதிப் பக்கம் போகவில்லை. அவர் ஓடிக்கொண்டிருந்ததே அந்த ஸ்டூலிலிருந்துதான். நேரே கொண்டுபோய் அதன் முன்னால் நிறுத்தியது நான். அடுத்த குழு வந்தது. மறுபடி முப்பது பேர். மறுபடி சிரித்த முகம். கீழே இரும்பு அறுத்தார்கள். நான் 'தன்னம்பிக்கை' என்ற சொல்லையே விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, மாமிக்கு என் மனைவி கொடுத்துவிட்ட ஊறுகாய் பாட்டிலோடு போகவேண்டி வந்தது. மதியம் பன்னிரண்டரை. கேட்டுக்குப் பக்கத்தில் புது ஸ்டூல், உறைகூடப் பிரிக்காமல். பக்கத்தில் ரிலீவர் நின்றிருந்தார். சுவரில் ஓர் ஆணி. ஆணியில் கருவிப் பை.

"வாங்க சார்" என்றார். "ரெஜிஸ்டர்ல எழுதிட்டுப் போங்க."

எழுதினேன். வந்த காரணம் என்ற இடத்தில் ஊறுகாய் என்று எழுதினேன். அவர் சரிபார்த்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்ல டியூட்டி சார்" என்றார். "ஒண்ணும் நடக்கல."

ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். "மூணாவது மாடில மிக்ஸி நின்னுபோச்சாம். நாலு நாளா கேக்குறாங்க. சாயங்காலம் அடுத்த ஆளு வந்ததும் போலாம்னா, அப்ப பசங்க பரீட்சைக்குப் படிக்கிற நேரமாம், சத்தம் கூடாதுங்கறாங்க. பகல்ல போஸ்ட விட்டுட்டு எப்படி சார் போறது?" தலையைக் கொஞ்சம் மேலே சாய்த்தார். "நேத்து கடைசியா ஒரு தடவ போட்டாங்க. கீழயே கேட்டுச்சு. கப்ளர் சார். அஞ்சு நிமிஷ வேலை."

ஊறுகாய் பாட்டிலைக் கீழே வைத்தேன். மாமி வீட்டு ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "மாமி! கேட் சார்ஜை நான் எடுத்துக்கலாமா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "என்ன கண்ராவியோ பண்ணுங்கோ!"

ரிலீவர் பக்கம் திரும்பி, முதுகை முடிந்த அளவு நிமிர்த்தினேன். "செயலாளர் உத்தரவு குடுத்தாச்சு. நான் வந்துட்டேன், நீங்க போலாம்."

அவர் என்னை உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை ஒரு தடவை பார்த்தார். என் தொப்பையில் பார்வை கொஞ்சம் தயங்கியது. அந்த வேலைக்கு எனக்குப் பின்னால் வேறு ஆள் யாரும் வரிசையில் இல்லை என்பதால் ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"கேட் ஒண்ணு. சாவி நாலு. ரெஜிஸ்டர் ஒண்ணு, பேனா ஒண்ணு. பூனை ஒண்ணு. அது உள்ள போகலாம், ஆர்டர் இருக்கு. வேற யாரும் எழுதாம போகக் கூடாது சார்."

"சரி."

"மாப்பிள்ளையா இருந்தாலும்."

"சரிங்க."

ஆணியிலிருந்து பையை எடுத்தார். அத்தனை மாதப் பழக்கத்தில் அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போனார். கொஞ்ச நேரம் வீதியில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மூன்றாவது மாடியிலிருந்து வந்தது. விர்ரென்று ஒரு சுற்று. நிறுத்தம். மறுபடி ஒரு சுற்று, இந்தத் தடவை நீளமாக, உள்ளே ஏதோ அரைபடுகிற கனத்தோடு. ஒரு பெண்குரல் "அட!" என்றது. இன்னொரு கதவு திறந்தது. "எங்க ஆத்து இஸ்திரிப்பெட்டியும் கொஞ்சம் பாருங்களேன்."

இரண்டு மணிக்கு எனக்கு அரியமங்கலத்தில் வகுப்பு. மேடத்திடமிருந்து போன் அடித்தது. சட்டைப் பையிலேயே அடித்து ஓய்ந்தது. எடுக்க ஆர்டர் இல்லை.

இப்போதெல்லாம் என் அட்டவணையில் வியாழக்கிழமை மதியம் வகுப்பு கிடையாது, கேட் டியூட்டிதான். அந்த நேரத்தில் என்னை அழைத்து, எடுக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த ஸ்டூலின் உறையை நாங்கள் இருவருமே இன்னும் பிரிக்கவில்லை. கால் வலிக்கத்தான் செய்கிறது. பூனை போகும், வரும். மேலே ஒவ்வொரு மாடியாக ஏதோ ஒன்று சுற்றத் தொடங்கும்.

அவசரமில்லை ரிலீவர். மெல்ல வாங்க. நான் நிற்கிறேன்.